எத்தனை கெண்டி தண்ணீர்

கரங்சாரி, ஜாவா, 2 ஜூலை 1993

தம்பி தார்னோவுக்கு அண்ணி சுகியெம் சலாம் சொல்லி எழுதுவது. உனக்கு அங்கே காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் இல்லையே? கலிமந்தான் காட்டில் கொசு கோழிக்குஞ்சு அளவு இருக்கும் என்று உன் அண்ணன் சொல்வார். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். மூன்றாம் வகுப்பு படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உன் அண்ணனை அடக்கம் பண்ணின பிறகுதான் உன் தந்தி வந்தது. கப்பல் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய்? அவர் கஷ்டப்படவில்லை. குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டோடு உட்கார்ந்தார், டீ கேட்டார், நான் டீயோடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அதற்கு முந்தின நாள் வரைக்கும் சந்தைக்குக் கார் ஓட்டினார். நெஞ்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நெஞ்சில் என்ன என்று எழுதவில்லை.

நான் எழுதுவது காரைப் பற்றி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு முட்டைக்கோசு ஏற்றுகிற அந்தப் பழைய கார்தான் இப்போது என் அடுப்பை எரிய வைக்கிறது. அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததால் நானே ஓட்டுகிறேன். காலையில் இறக்கத்தில் சந்தைக்குப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மதியம் மலை ஏறித் திரும்பும்போது மூன்றாவது வளைவில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போகிறது, புகை கக்குகிறது. ஒரு தடவை கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பட்டறை ஜுமாதி, "அண்ணி, நம்ம நாட்டுச் சூட்டுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம்" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டான். அப்படியும் கொதிக்கிறது.

எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நீ பட்டறையில் வேலை பார்க்கிறவன், ஒரு வழி சொல்லு. இந்தக் கார் போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. காட்டில் தனியாக நடக்காதே.
அண்ணி

*

மரக்கம்பெனி பட்டறை, 20 ஜூலை

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு, தார்னோ. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவன் நான்.

காருக்கு வருகிறேன். முதலில் ஒன்று: கொதித்து நிற்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. முகம் வெந்துவிடும். அரைமணி ஆறவிட்டு, கிழிசல் துணியை மடித்து வைத்துத் திறவுங்கள்.

ஜுமாதி கழற்றி எறிந்ததைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊர் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. காய்ச்சல்காரன் கையிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்குகிற மாதிரிதான் அது. காற்றாடியைச் சுற்றுகிற ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், விரல் அகலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. இரவு காருக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள், ஈரம் இருந்தால் ஒழுகுகிறது. முக்கியமானது, காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஒரு வியாதி, குறையாவிட்டால் வேறு வியாதி.

அண்ணன் டீ கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டதைச் சொல்லுங்கள், என்ன வார்த்தையில் கேட்டார்?
தார்னோ

*

கரங்சாரி, 5 ஆகஸ்ட்

தம்பிக்கு அண்ணியின் சலாம். இங்கே பனி, பல் தந்தியடிக்கிறது. உனக்கு அங்கே வேர்க்கும்.

"டீ இருக்கா?" என்றுதான் கேட்டார். வேறு ஒன்றும் இல்லை.

நாற்பதாம் நாள் துஆ ஓதினது நல்லபடி நடந்தது. தெரு முழுக்க வந்தது. பக்கத்து வீட்டு ரெக்சோ அண்ணன்கூட வந்தார். நீ கலிமந்தானுக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நாலு வருஷமாக அவருக்கும் உன் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. விடிகாலையில் நம் கார் உறுமுகிற சத்தத்தில் கூவல் பந்தயத்துக்கு அவர் வளர்க்கிற புறா கூவுவதை நிறுத்திவிட்டது என்று சண்டை. உன் அண்ணன் சும்மா இருக்காமல், "உன் புறா வெட்கப்படுது, என் காரு அதைவிட நல்லாப் பாடுது" என்றுவிட்டார். அன்றோடு சரி. துஆவுக்கு வந்த மனுஷர் வாசலோரப் பாயில் உட்கார்ந்துவிட்டு, எல்லோருக்கும் கொடுத்த சாப்பாட்டுக் கூடையை வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. அட்டை காய்ந்தே கிடக்கிறது. தெர்மோஸ்டாட் திரும்பப் போட்டாயிற்று, ஜுமாதிக்கு உன்மேல் கோபம். "காட்டுல மரம் தூக்குற வண்டி பாக்குறவன் எனக்குச் சொல்லித் தர்றானா" என்றான். காலையில் தண்ணீர் கழுத்து வரைக்கும் நிறைந்து நிற்கிறது. ஒரு நாளும் குறையவில்லை. ஆனால் மூன்றாவது வளைவில் கொதிக்கிறது. நம் காரில் சரக்கு ஏற்றி வருகிற துமினா சந்தையில், "பார்மின் பொண்டாட்டி கார்ல ஏறாதீங்கடி, முட்டைக்கோசு இறங்கி நடந்தா முன்னாடி வீடு போய்ச் சேரும்" என்று எல்லோர் முன்னாலும் சிரிக்கிறாள். கூட வருகிறவர்களில் இரண்டு பேர் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள்.

நேற்று வழியில் ஊற்றக் கொண்டுபோன தண்ணீர் போதவில்லை, பாதியோடு மூடி மெல்ல ஓட்டி வந்துவிட்டேன். காலையில் பார்த்தால் கழுத்து வரை நிற்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் துணியெல்லாம் யார் துவைக்கிறார்கள்? நீயேதானா?
அண்ணி

*

பட்டறை, 22 ஆகஸ்ட்

அண்ணிக்கு தார்னோவின் வணக்கம். துணி நானேதான் துவைக்கிறேன், நன்றாகத் துவைப்பதில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். காலையில் குறையாமல் இருக்கிறது என்றால் ஒழுகல் இல்லை, தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம். வாட்டர் பம்ப்பாக இருக்கலாம். ஜுமாதியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கோபத்தோடு பார்த்தாலும் பரவாயில்லை.

ஆனால் கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பாதியோடு மூடினேன், காலையில் நிறைந்திருந்தது என்று. அண்ணி, ரேடியேட்டரில் தண்ணீர் தானாக ஏறாது. கிணற்றில் ஏறும், இதில் ஏறாது. யார் ஊற்றுகிறார்கள்? நீங்கள் ஊற்றிவிட்டு மறந்தீர்களா? இது தெரியாமல் நான் சொல்வதெல்லாம் இருட்டில் சொல்வதுதான்.

பதில் சீக்கிரம் எழுதுங்கள்.
தார்னோ

*

கரங்சாரி, 8 செப்டம்பர்

தம்பிக்கு, நீ நல்லபடி இருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு நாலு நாள் சளி, இஞ்சி வைத்துக் குடித்தேன், போய்விட்டது.

பம்ப்பைக் கழற்றிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் புதுசு போட்டான். கொதிக்கிறது. மூடி புதுசு வாங்கினேன். கொதிக்கிறது. இந்த வருஷம் கேரட் நல்ல விளைச்சல். மேட்டுத்தெரு மசூதிக்குப் புது ஓடு போட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நீ கேட்டதற்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

சிரிக்காதே. வீட்டில் நிற்கும்போது நான் ஊற்றவில்லை, தம்பி. ஒரு சொட்டுகூட. போனவர் நாற்பது நாள் வீட்டுக்குள் இருப்பார், அப்புறம் நூறாம் நாள் வரைக்கும் முற்றத்தில் சுற்றுவார் என்று நம் ஆட்கள் சொல்வார்கள் இல்லையா? கார் நிற்பது முற்றத்தில்தான். தினமும் விடிகாலையில் மூடியைத் திறந்து பார்க்கிறேன், நிறைந்திருக்கிறது. மூடியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, இப்போதுதான் ஊற்றின மாதிரி. உன் அண்ணன்தான் ஊற்றுகிறார் என்று நினைக்கிறேன்.

நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. நம்பவில்லையா என்றாலும் தெரியாது. ஆனால் காலையில் அந்த மூடியைத் திறக்கும்போது மட்டும் நான் ஒண்டியாக இல்லை. எழுந்து பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டால் அப்புறம் வராமல் போய்விட்டால்? அதனால் கதவைத் திறக்காமல் படுத்திருக்கிறேன்.

ஜுமாதி தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுக் கழுவ வேண்டும் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்லாதே.
அண்ணி

*

பட்டறை, 29 செப்டம்பர்

என் அண்ணிக்கு. தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன்.

நான் சிரிக்கவில்லை. அடக்கத்துக்கு வராதவன் நான், என் அண்ணன் முற்றத்தில் நிற்கிறார் என்றால் நான் என்ன சொல்ல முடியும்? உண்மையாக இருந்தால் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் நான் மெக்கானிக். ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் உங்களுக்குத் துரோகம். தண்ணீர் இல்லாமல் எஞ்சின் ஒவ்வொரு தடவை கொதிக்கும்போதும் உள்ளே இரும்பு வளைகிறது. எட்டு தடவை தாங்கும், பத்து தடவை தாங்கும். அப்புறம் ஒரு நாள் விரிசல் விட்டு நிற்கும். அன்றைக்கு நானே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, இரும்புக்கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகையால், ஊற்றுவது அண்ணனாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, எத்தனை கெண்டி ஊற்றுகிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்டு எழுதுங்கள். கோபப்படாதீர்கள்.
தார்னோ

*

கரங்சாரி, 16 அக்டோபர்

தம்பி, நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இந்த வாரம் சுகமா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

நூறாம் நாள் துஆ போன மாசமே முடிந்தது. அவராக இருந்தால் அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த நாளும் நிறைந்திருந்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. போன வாரம் சரிவில் எஞ்சினுக்குள் டொக் டொக் என்று புதுசாக ஒரு சத்தமும் கேட்டது. கார் போய்விட்டால் யார் எதில் தண்ணீர் ஊற்றுவது? பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

விடிகாலைத் தொழுகைப் பாங்குக்கு முன்னால் எழுந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். முற்றத்தில் நிற்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சினை மூடுகிற முன்மூடி மேலே எழுந்தது. கண்ணாடி முழுக்க மறைந்துவிட்டது. கீழே ஒரு சந்து வழியாக ஒரு கை தெரிந்தது, மண் கெண்டியைச் சாய்க்கிற கை. ஆம்பளைக் கை. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

எட்டிப் பார்க்கப் போய் முழங்கை ஹாரனில் பட்டுவிட்டது. ஊரே எழுந்திருக்கும். கெண்டி கீழே விழுந்து உடைகிற சத்தம். அப்புறம் ஒரு அலறல்.

"டேய் பார்மினு! நான் ஒண்ணும் எடுக்கலடா! தண்ணிதான்டா ஊத்துனேன்!"

ரெக்சோ அண்ணன். தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"அண்ணே, நான்தான். சுகியெம்."

"அடிப்பாவி! உசிரே போச்சு. உள்ள உக்காந்து என்ன பண்ற?"

"நீங்க வெளிய நின்னு என்ன பண்றீங்க?"

"தண்ணி ஊத்துறேன். வேற யாரு ஊத்துறா? நீ ஊத்துறியா? அவன் இருந்த வரைக்கும் தினம் ஊத்துவான், என் வேலிக்கு மேலயே தெரியும். அவன் போன கொஞ்ச நாள்ல காரைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. சரி, இந்தப் பொம்பளைக்கு ஊத்தணும்னு தெரியலன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நமக்குள்ள பேச்சு இல்லையே."

நாலு வருஷம் பேசாதவர் அதைப் பேசித்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவர் பயந்துபோய், "புறாவுக்குத் தீனி வைக்கணும்" என்று எழுந்தார். வேலி தாண்டுவதற்குள் உன் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, எத்தனை கெண்டி?"

"நீ சும்மா நிறுத்தியிருந்தா ஒண்ணுகூட வேண்டாம். மலையேறிட்டு வந்த மறுநாள்னா ரெண்டு. விக்காத கோசு மூட்டையும் திரும்பி வந்திருந்தா மூணு."

இதுதான் பதில். உன் அண்ணன் இல்லை. எழுதிவிட்டேன்.

சுகியெம்

*

பட்டறை, 2 நவம்பர்

அண்ணிக்கு வணக்கம். நான் நலம். நீங்கள் தைரியசாலி.

அண்ணன் இல்லை என்று படித்ததும் நானும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அவ்வளவுதான், அதைப் பற்றி வேறு எழுத மாட்டேன்.

ரெக்சோ அண்ணனை ஜுமாதி பட்டறையில் வேலைக்கு வைக்கலாம். நின்றால் குறையவில்லை, ஏறினால் குறைகிறது, பாரம் கூடினால் கூடக் குறைகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் மட்டும் திறக்கிற ஓட்டை. கீழே ஈரம் இல்லை என்றால் கொதிக்கிற இடத்தில் ஒழுகி அங்கேயே ஆவியாகிவிடுகிறது. எஞ்சினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்குப் பின்னால் காசு மாதிரி வட்டமாகத் தகர அடைப்புகள் இருக்கும். பல வருஷம் வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும், துளை நாளுக்கு நாள் பெரிதாகும். புகைக்குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண் வழிந்த மாதிரி கோடு இருந்தால் அதுதான்.

எல்லா அடைப்பையும் மாற்றுங்கள். உள்ளே இருக்கிற தண்ணீரை இறக்கிவிட்டு, தெளிவாக வரும்வரை கழுவி, துருப்பிடிக்க விடாத பச்சைக் கூலன்ட் மருந்தை ஊற்றுங்கள். அதற்கப்புறம் அதில் வெறும் தண்ணீர் கலக்கவே கூடாது, திரும்பத் துருப்பிடிக்கும். அதனால் ரெக்சோ அண்ணனிடம் இனி வர வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது.

லெபரான் பெருநாளுக்கு முன்னால் எனக்கு விடுப்பு உண்டு. வருவேன்.
தார்னோ

*

கரங்சாரி, 25 நவம்பர்

என் தம்பிக்கு அண்ணியின் சலாமும் துஆவும். மழை பிடித்துக்கொண்டது. நீ வருகிற கப்பல் நல்ல கப்பலாகப் பார்த்து ஏறு.

நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. புகைக்குழாய்க்குப் பின்னால், வெற்றிலை எச்சில் வழிந்த மாதிரி சிவப்புக் கோடு. ஜுமாதி சுத்தியால் தட்டினதும் தகரம் அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. "காட்டுக்காரன் சொன்னது சரிதான்" என்று முணுமுணுத்தான், நான் திரும்பச் சொல்லச் சொன்னேன், சொல்லவில்லை. தண்ணீரை இறக்கினான். காப்பி நிறத்தில் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அதில் உன் அண்ணன் ஊற்றினது எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் இருக்காது. மண்ணில் ஓடிப் போய்விட்டது.

இப்போது கார் மூன்றாவது வளைவில் முணுக்கென்றுகூடச் சொல்லாமல் ஏறுகிறது. துமினா திரும்ப நம் காரில்தான் வருகிறாள். "கோசுக்கு இனிமே நடக்குற கஷ்டம் இல்ல" என்கிறாள். டொக் டொக் சத்தம் நின்றுவிட்டது. கார் பிழைத்தது, தம்பி. என் பிழைப்பும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. ஒழுகுகிறது என்று உன் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதானே தினமும் ஊற்றினார்? சரி பண்ணாமல் ஏன் ஊற்றிக்கொண்டே இருந்தார்? எனக்கு ஏன் சொல்லவில்லை?

ரெக்சோ அண்ணனிடம் சொல்லப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் புறாக்கூண்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காரு சரியாயிருச்சு. இனிமே தண்ணி வேண்டாம்."

"ஒரு கெண்டிகூட?"

"கூடாதாம். தம்பி எழுதியிருக்கான்."

"ஓ." கூண்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "நல்லதாப் போச்சு. அவனும் ரொம்பக் கஷ்டப்பட்டான். கடைசி ஒரு மாசம் அந்த பம்பர் மேல உக்காந்து உக்காந்துதான் ஊத்துவான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பதில் இரண்டு பேருக்கும் தெரியும், பேச்சு இல்லை. எனக்குக் கோபம் வந்ததா? வந்திருக்க வேண்டும். ஆனால் அவர்மேலா, உன் அண்ணன்மேலா, அந்தப் புறாமேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து அரிசி களைந்தேன், களைந்த அரிசியையே திரும்பக் களைந்தேன்.

மறுநாள் விடிகாலையில் கதவைத் திறந்தேன். வெறுங்கையோடு வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. போகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அவரு காலைல என்னென்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பாத்திருக்கீங்க. வந்து உக்காந்து சொல்லுங்க."

இப்போது தினமும் வருகிறார். டீ குடிக்கிறார். ஒரு நாளைக்கு ஒன்று சொல்வார், அதற்கு மேல் கேட்டால் "அவ்வளவுதான் ஞாபகம்" என்பார், மறுநாள் இன்னொன்று ஞாபகம் வரும். எல்லாம் நான் பார்க்காதது. அவர்மேல் எனக்கு மன்னிப்பு வந்துவிட்டதா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. நீ வந்தால் நீயும் உட்கார்ந்து கேள்.

இன்றைக்குச் சொன்னது இது. தண்ணீர் ஊற்றி முடித்ததும் காரின் முன்மூடியை உன் அண்ணன் விட்டுவிட மாட்டாராம். இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து, அப்புறம் மேலே படுத்து, உடம்பு பாரத்தால் அமுக்கி மூடுவாராம். நான் தூங்குகிறேன், எழுந்துவிடுவேன் என்று.

நான் அந்த நேரத்தில் ஒரு நாளும் தூங்கினதில்லை, தம்பி. கிணற்றடிக்குத்தான் போயிருக்கிறார் என்று விழித்துக்கொண்டு படுத்திருப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் எனக்கு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவ்வளவு மெதுவாக மூடியிருக்கிறார்.

அண்ணி சுகியெம்